அப்பாவின் நாற்காலியில் ஒரு மணல் மூட்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். மூன்றாவது யார் என்று பதறாதே, மணல் மூட்டைதான். போனில் சொன்னால் பாதியிலேயே டாக்டரைப் பார்க்கச் சொல்வாய், அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கத்து.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தது உனக்குத் தெரியும். எலும்பு எதுவும் முறியவில்லை, ஆனால் என்னால் அவரைத் தூக்க முடியவில்லை, அவராலும் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் டைல்ஸ் போட வந்த கொத்தனார் சத்தம் கேட்டு வரும்வரை இரண்டு பேரும் ஈரத்தரையில் எதிரெதிரே உட்கார்ந்து வாளி ஓட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அதிலிருந்து நீ ஒவ்வொரு போனிலும் அந்த முதியோர் இல்லத்தைப் பற்றித்தான் பேசுகிறாய். அங்க விழுந்தா தூக்கிவிட ஆள் இருக்கும்மா என்கிறாய். உன் கவலை புரியாமல் இல்லை. ஆனால் எனக்கு அங்கே போக மனசே இல்லை, சொல்லப்போனால் பயமாக இருக்கிறது. நீ போனை வைத்ததும் அப்பா தன் ஜன்னலோரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு, அங்க நாற்காலியெல்லாம் அவங்களே குடுப்பாங்களாமா என்று மட்டும் கேட்டார்.

மறுநாளே நம் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் வயதானவர்களுக்கு நடக்கும் உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிட்டேன். அப்பாவையும் கூப்பிட்டேன், எனக்கு எதுக்கு, நான் என்ன மூட்டை தூக்கவா போறேன் என்றார். டீச்சர் சின்னப் பெண், நன்றாகச் சொல்லித்தருகிறாள். தசை எந்த வயசுலயும் வளரும்மா, ஆனா எதுக்காகத் தூக்கறோம்னு மனசுல வெச்சுக்கணும் என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். ரிடையர் ஆன தபால்காரர் பேரனை என்றார், மேல்மாடி மாமி காய்கறிப் பையை என்றாள். நான் என் வீட்டுக்காரரை என்றேன். கூடமே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்காமல், கொஞ்சம் கொஞ்சமா எடையை ஏத்துங்க, நாற்காலி உயரத்துலேர்ந்து ஆரம்பிங்க, முதுகை வளைக்காதீங்க, முட்டியை மடக்குங்க என்றாள்.

கொத்தனாரிடம் மணல் கேட்டு வாங்கி ஒரு சாக்கில் போட்டேன். சாக்கு கையைப் பிறாண்டியதால் அப்பாவின் பழைய சட்டையை அதற்குப் போட்டு பொத்தானையும் மாட்டினேன். உயரத்துக்குத் தோதாக இருந்தது அப்பாவின் நாற்காலி ஒன்றுதான், அதில் உட்காரவைத்தேன். தினமும் அணைத்துத் தூக்குவேன், இறக்குவேன், வாரத்துக்கு ஒரு முறை நாலைந்து கரண்டி மணல் சேர்ப்பேன். அப்பா இன்னொரு தடவை சாப்பாடு கேட்டால் என் கண் தானாக மணல் வாளிக்குப் போகும், ஆள் எடை ஏறினால் மூட்டையும் ஏறத்தானே வேண்டும். இதுவரை அவரை இடுப்பு வரைக்கும் தூக்கப் பழகிவிட்டேன், அதாவது மணல் கணக்கில்.

அப்பாவுக்கு வந்ததே கோபம். நடந்துவிட்டு வந்தால் தன் இடத்தில் தன் சட்டையோடு அது உட்கார்ந்திருக்கும். உன் ஆளை எடு என்பார், நான் அசையமாட்டேன், முணுமுணுத்துக்கொண்டே அவரே அதைத் தூக்கிக் கீழே வைப்பார். அவர் எழுந்துபோனதும் நான் மறுபடி உட்காரவைப்பேன், அவர் மறுபடி இறக்குவார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா வேறு கண்ணாடி போடாமல் வந்து மூட்டைக்கு வணக்கம் சொல்லிவிட்டு, சாருக்கு என் மேல ஏதாவது வருத்தமா என்று என்னிடம் கேட்டாள்.

போன வாரம் சாக்கின் ஓரம் கிழிந்து மணல் கொட்டியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. கால் வைத்தேன், சர்ரென்று சறுக்கிப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். கணுக்கால் சுளுக்கு, எழுந்திருக்க முடியவில்லை. இனி இந்த வீடு இல்லை, இல்லம்தான் என்று அழுகையே வந்துவிட்டது. கொத்தனாரைக் கூப்பிடுங்க என்றேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார், வந்தார், முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கினார், அப்படியே என்னை அள்ளித் தூக்கிவிட்டார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது, அவருக்கும்தான். ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் அவர், உன் ஆளை விட நீ லேசா இருக்கே என்றார்.

தூக்கியது சரி, வைக்க இடமில்லை. நாற்காலியில் மூட்டை உட்கார்ந்திருக்கிறது. கீழ விடுங்க, இன்னொரு கால் இருக்கு என்றால், இரு யோசிக்கறேன் என்று என்னைச் சுமந்துகொண்டே நிற்கிறார். அந்த நேரம் பார்த்து தையல்காரம்மா உள்ளே வந்தாள், அப்பாவை யாரோ உறவுக்காரர் என்று நினைத்துக்கொண்டு மூட்டையைப் பார்த்து, என்ன சார், வீட்டம்மாவை வேற யாரோ தூக்கறாங்க, நீங்க கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே என்று ஒரு பிடி பிடித்தாள். அப்பா தான் யார் என்று சொல்லவே இல்லை. அவரைத் திட்டாதீங்கம்மா, வயசாயிடுச்சு, அவரால முடியாது என்றார்.

சுளுக்கு சரியாகிவிட்டது, டாக்டரும் பார்த்துவிட்டார். அப்பா இப்போது வகுப்புக்கு வருகிறார். எதைத் தூக்கணும் சார் என்று டீச்சர் கேட்டதற்கு, தூக்கியாச்சும்மா, இறக்கி வைக்கத்தான் கத்துக்கணும் என்றார். மூட்டைக்குத் தனியாக ஒரு ஸ்டூல் வாங்கியிருக்கிறோம்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்காராதே, குழந்தையை ஒரே இடுப்பில் வைத்துக்கொள்ளாதே. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க எங்கள் ஆசீர்வாதம். அந்த இல்லத்துக்காரர்களிடம் வரவில்லை என்று மறக்காமல் சொல்லிவிடு. விடுமுறைக்கு வரும்போது பெட்டியை எவ்வளவு கனமாக வேண்டுமானாலும் கட்டிக்கொண்டு வா, வாசலில் வைத்துவிட்டுக் குரல் கொடு. இங்கே தூக்க ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஆசையுடன் அம்மா
(பக்கத்தில் அப்பா, தன் நாற்காலியில்)