பதினோரு நாள் எங்கேஜ்டு

நெய்வேலி, வட்டம் 19
16.11.2010

அன்பு மகள் ஜெனிஷாவுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அம்மாவும் இங்கே சுகம், மஸ்கட்டில் உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் ஜெபமாலையில் உன் பெயரைச் சொல்கிறோம். இங்கே ஒரு வாரமாக விடாத மழை, மைன்ஸில் பெல்ட்டில் நிலக்கரி பாதி சேறு பாதி என்று வருகிறது, ஷிப்ட் முடிந்து வந்தால் அம்மா என்னைக் கொல்லைப்புறமாகத்தான் வீட்டுக்குள் விடுகிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை உன் மெயில் வந்தது. பதினோரு நாளாகப் போன் பண்ணுகிறேன், எந்நேரமும் எங்கேஜ்டு, ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டீர்களா, பஸ் ஸ்டாண்டில் சொன்னதை நிஜமாகவே செய்துவிட்டீர்களா என்று கேட்டிருந்தாய். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது. ரிசீவரை நான் தொடவே இல்லை பாப்பா. அதற்கு முன்பே அம்மா பண்ருட்டிச் சித்தியிடம் பேசப் போனை எடுத்தபோது கர்ரென்று இரைச்சல் கேட்டதாகச் சொன்னாள், மழையில் வயர் நனைந்திருக்கும் என்று நான்தான் பெரிய மேதாவி மாதிரி சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் கம்ப்ளெயின்ட் கொடுத்து லைன்மேன் செங்குட்டுவன் வந்தார். மழையில் கம்பத்தில் ஏறி, கையோடு கொண்டுவந்த டெஸ்ட் போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு இறங்கி, "லைன்ல ஒண்ணும் இல்லீங்க சார், உங்க வூட்டுல இருந்தே யாரோ பேசிக்கினே இருக்காங்க" என்றார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர், அந்த இரண்டு பேரும் நீ போனதிலிருந்து அதிகம் பேசிக்கொள்வதில்லை, மூன்றாவது ஆள் யார்?

பெல்ட் நின்றுபோனால் நாங்கள் ஒரு முனையில் ஆரம்பித்து ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே மறுமுனைவரை நடப்போம். அதே மாதிரி போன் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாலிலிருந்து நடந்தேன், அது நேராக உன் அறைக்குள் போய்க் கம்ப்யூட்டருக்குப் பின்னால் நுழைந்தது. போன் லைனிலேயே இன்டர்நெட்டைக் கொண்டுவரும் அந்த மோடத்தில் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. போன மாதக் கடைசியில் உன்னிடமிருந்து ஒரு வாரம் மெயிலே இல்லை, ஞாபகம் இருக்கிறதா? அப்போது நான் அம்மாவுக்குத் தெரியாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை புது மெயில் வந்திருக்கிறதா பார், இணைப்பு இல்லாவிட்டால் நீயே டயல் செய்துகொள் என்று இரண்டு இடத்தில் டிக் அடித்து வைத்தேன். பார்த்து முடித்ததும் லைனை விட்டுவிடு என்ற இடத்தில் டிக் அடிக்கத் தெரியவில்லை. அடுத்த ஆள் வந்தால்தான் ஓடுகிற மெஷினை விட்டு நகரும் பழக்கம் எனக்கு, கம்ப்யூட்டரையும் மூன்று ஷிப்டும் நிறுத்தாமல் ஓடவிட்டேன். சேத்தியாத்தோப்பில் உன் மாமா வீட்டில் தினமும் மூன்று மணி நேரம் கரண்ட் போகிறது, அங்கே இருந்திருந்தால் அந்த நேரத்திலாவது உன் போன் வந்திருக்கும். நம் டவுன்ஷிப்பில்தான் கரண்ட் போகவே போகாதே! ஆக, உன் மெயிலுக்காக நான் காத்திருந்ததுதான் உன் போனை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

இப்போது எல்லா டிக்கையும் எடுத்துவிட்டேன். காலை ஆறு மணிக்கு நானே கையால் டயல் செய்து மெயில் பார்த்துவிட்டு, ஆறேகாலுக்கெல்லாம் கம்ப்யூட்டரை அணைத்து மோடம் வயரையும் பிடுங்கிவிடுகிறேன். லைன் சரியாகிவிட்டதா என்று பார்க்கப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சங்கரலிங்கத்தை ஒரு போன் போடச் சொன்னேன். மணி அடித்ததுதான் தாமதம், அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்து ரிசீவரை எடுத்து "ஜெனிஷா" என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. லைன் சரியாகிவிட்டது என்று உனக்கு மெயில் போட்டேன், நீ "sarippa" என்று ஒரே வார்த்தை பதில் போட்டாய். போன் வரவில்லை. அது கோபத்தில் போட்ட சரிப்பா, லைனைச் சரிசெய்தால் போதுமா என்று அம்மா கேட்டாள். அதனால்தான் தாளும் பேனாவும் எடுத்தேன்.

ஆகஸ்டில் உன்னை வழியனுப்ப வந்த பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க, பெர்மனென்ட் வேலையை உதறிவிட்டுக் காண்ட்ராக்டுக்கு ஓடுகிறாய், இனிமேல் இந்த வீட்டுக்குப் போன் பண்ணாதே என்று கத்தினேன். பத்து வருஷம் காண்ட்ராக்டில் கிடந்து பெர்மனென்ட் ஆனவன் நான், அந்தப் பயத்தில் பேசிவிட்டேன். பேசியது தப்பு. உன் இரண்டு வருஷக் காண்ட்ராக்டை நீ நல்லபடியாக முடிப்பாய், எனக்குத் தெரியும். அப்பாவை மன்னித்துக்கொள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, நைட் டூட்டி முடிந்தால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, அம்மா கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. ஆண்டவர் உன் கூடவே இருப்பார். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பத்து மணிக்கு நாங்கள் வீட்டில் இருப்போம், போன் பண்ணு. எங்கேஜ்டாக இருந்தால் அது அம்மாவும் சித்தியும், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பண்ணு. முதல் மணிக்கே ஹலோ சொல்வது அம்மாவாக இருக்காது, நான் போன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

உன் குரலுக்குக் காத்திருக்கும் அப்பா,
மரியஜோசப்