ஹுமேராவுக்குப் போட்ட பச்சை

12 ஜூன், வியாழன்

பள்ளி திறந்து பத்து நாள்தான் ஆகிறது, அதற்குள் வாசலில் ஒரு தொண்டு நிறுவனம். 'பள்ளியோடு கைகோர்ப்போம்' என்று பேனர், கீழே அவர்களில் ஏழு பேருடைய முகம். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி முகம்கூட இல்லை. தலைமையாசிரியர் நாகேந்திரன் சார் சால்வையை வாங்கிக்கொண்டு, கொடுத்தவருக்கு இன்னொன்றைப் போர்த்தினார். போன வருடம் வேறொரு நிறுவனம் அவருக்குக் கொடுத்த சால்வை அது. மடிப்புகூடக் கலையவில்லை.

ஆம்பூரில் நான் வேலைக்கு வந்த பதினோரு வருடத்தில் இது நாலாவது நிறுவனம். முதலாவது சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்துவிட்டுப் போனது. இரண்டாவது கை கழுவத் தொட்டி கட்டியது, குழாய் இழுக்க மறந்துவிட்டது. இப்போது அதில் துடைப்பம் வைக்கிறோம். மூன்றாவது கதைப் புத்தகம் கொடுத்தது. பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்று சார் பீரோவில் பூட்டிவிட்டார்.

"எல்லாம் ஹேமலதா டீச்சர் பாத்துப்பாங்க" என்று மேடையிலேயே என் தலையில் கட்டிவிட்டார். இனி இவர்களுக்குத் தொடர்பு ஆசிரியர் நான். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பது போதாதென்று இது வேறு.

17 ஜூன், செவ்வாய்

நிறுவனத்திலிருந்து ஒருத்தி வந்தாள். பேர் சைரா. முப்பது வயது இருக்கும், கழுத்தில் அட்டை. ஷூ கம்பெனியில் ஆறு வருடம் தையல் லைனில் இருந்தவளாம். அதற்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம்?

"உங்களுக்கு இன்னா வேணும் டீச்சர்?" என்றாள்.

"பாடம் நடத்த விட்டா போதும்."

சிரித்துக்கொண்டே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நான் பின்னம் ஆரம்பித்தேன். அவள் கணக்கைக் கவனிக்கவில்லை, தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணட்டும்.

26 ஜூன், வியாழன்

கூட்டம். இரண்டு மணி நேரம் 'கூட்டாண்மை'. பிஸ்கட் மட்டும் நன்றாக இருந்தது.

1 ஜூலை, செவ்வாய்

தொல்லை விட்டது. அவர்கள் திட்டம், அடிக்கடி வராத பிள்ளைகளுக்கு அவர்கள் தெருவிலேயே வகுப்பு நடத்துவது. அப்படிப் பதினைந்து பேராவது இருக்கும் பள்ளிக்குத்தான் தருவார்களாம். எங்கள் பதிவில் இரண்டே பேர். "நம்ம ஸ்கூல்ல தொண்ணூத்தாறு பர்சன்ட் மேடம்" என்று சார் நெஞ்சை நிமிர்த்தினார். பட்டியலில் எங்கள் பெயரை அடித்துவிட்டார்கள்.

அந்தத் தொண்ணூற்றாறு எப்படி வந்தது என்று இந்த நோட்டில்கூட எழுதாவிட்டால் எப்படி? போன் செயலியில் வந்தவளுக்குப் பச்சை, வராதவளுக்குச் சிவப்பு. நான் எல்லாருக்கும் பச்சை போடுகிறேன். மற்ற டீச்சர்களும் அப்படித்தான். சிவப்பு அதிகமானால் மேலேயிருந்து சாருக்கு போன், சாரிடமிருந்து எனக்குக் கச்சேரி. பச்சை போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. பிள்ளை பெயரும் பதிவேட்டில் நிற்கிறது.

4 ஜூலை, வெள்ளி

அந்த சைரா மறுபடி வந்தாள். அதான் பட்டியலில் இல்லையே, இன்னும் என்ன?

"உங்க போன்ல ஹுமேரா பச்சையா இருக்கா டீச்சர். எங்க தெருவுல ஊசியோட இருக்கா."

இவ யாரு என்னைக் கேக்க? நேத்து வந்தவ, நாளைக்குப் போயிடுவா. மேல பதில் சொல்லப் போறது நான்தானே? "போட்டோ எடுத்துட்டுப் போயிட்டே இரும்மா" என்று சொல்லியே விட்டேன்.

அவள் அசையவில்லை. வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும் சாயங்காலம், ஷூவின் மேல்தோலை மூட்டை மூட்டையாக ஏஜென்ட் வீடுகளில் இறக்குவானாம். மறுநாள் பொழுது சாய்வதற்குள் கையால் தைத்துக் கொடுக்க வேண்டும். "அதான் செவ்வாயும் வெள்ளியும் ஏழு பொண்ணுங்க வர்றதில்ல. ஹுமேராவுக்குக் கணக்கு ஏறலையாம், காலாண்டோட நிறுத்தப் போறாங்க. நானும் இப்டித்தான் ஏழாவதுல நின்னேன்."

செவ்வாயும் வெள்ளியும் எனக்கு இரட்டைப் பீரியட். புதுப் பாடமெல்லாம் அந்த நாளில்தான் நடத்துகிறேன். இவர்கள் ஏழாவதில் இருந்ததிலிருந்தே, இரண்டு வருடமாக.

அப்புறம்தான் நினைவு வந்தது. அவள் ஒரு நாளும் போட்டோ எடுக்கவில்லை.

7 ஜூலை, திங்கள்

சாரிடம் சொன்னேன். "பச்சைய எதுக்கு டீச்சர் செவப்பாக்கணும்? நல்லாத்தானே போய்ட்டிருக்கு" என்றார். மேலேயிருந்து போன் வராத நாள் எல்லாம் அவருக்கு நல்ல நாள். புத்தகத்தைப் பூட்டி வைத்துக் காப்பாற்றுகிற மனிதரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது.

8 ஜூலை, செவ்வாய்

ஏழு சிவப்பு. போட்டதும் போனைக் கைப்பையில் ஒளித்து வைத்தேன். வெட்கக்கேடு.

9 ஜூலை, புதன்

சிவப்பு போட்டால் வீட்டுக்கு மெசேஜ் போகும். காலையிலேயே ஹுமேராவின் அம்மா ஹலீமா பீ வந்து நின்றார். சண்டைக்குத்தான் என்று நானும் தயாராக இருந்தேன்.

"நேத்து பொண்ணு வரலைன்னு மெசேஜ் வந்துச்சு டீச்சர்."

"வரலைதானேம்மா."

"ரெண்டு வருசமா வாரத்துக்கு ரெண்டு நாள் வரல. ஒரு மெசேஜும் வரல. அவ வந்தாலும் வராட்டியும் ஸ்கூல்ல யாருக்கும் ஒண்ணுமில்லன்னு நெனச்சேன். அதான் நிறுத்திடலாம்னு இருந்தேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஒட்டகச்சிவிங்கிக்காரர்களைவிட நான் என்ன உசத்தி? அவங்க சுவத்துல வரைஞ்சாங்க, நான் போன்ல வரைஞ்சேன்.

18 ஜூலை, வெள்ளி

மெமோ. வருகை திடீரெனக் குறைந்தது ஏன் என்று விளக்கம் வேண்டுமாம். முதலில் பணிவாக நாலு பொய் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டு 'முன்பு போட்டது தவறு' என்று எழுதிக் கொடுத்தேன். "திருப்பத்தூர் மலைப் பக்கம் தூக்கி அடிப்பாங்க" என்று சார் பயமுறுத்தினார். அவர் குரலில்தான் பயம் இருந்தது. எனக்கும் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

ஆறாம் வகுப்பு டீச்சரும் ஏழாம் வகுப்பு டீச்சரும் இன்று சிவப்பு போட்டார்கள். மொத்தம் பத்தொன்பது.

5 ஆகஸ்ட், செவ்வாய்

பத்தொன்பது என்றதும் நிறுவனம் ஓடி வந்துவிட்டது. இவர்களுக்கும் எண்தான் கடவுள்.

திங்கள், புதன், வியாழனில் புதுப் பாடம் நடத்துகிறேன். செவ்வாயும் வெள்ளியும் பழைய கணக்கையே போட்டுப் பார்க்கிறோம். அதே கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தால், மத்தியானம் ஒரு மணி நேரம் சைரா அந்தத் தெருவில் உட்கார்த்தி வைத்து நடத்துகிறாள். "மொத நாளே தாள் குடுத்துடுங்க டீச்சர். லேட்டானா நான் வெறுங்கையோட போகணும்" என்று என்னையே அதட்டுகிறாள். அவள் ஏழாவதுதான். ஆனாலும் இந்த வாரம் நான் எழுதிய விடையில் ஒரு தப்பைப் பிடித்துவிட்டாள். சகிக்கவில்லை.

28 ஆகஸ்ட், வியாழன்

மேலிருந்து ஆட்கள் வந்தார்கள். சார் மைக்கைப் பிடித்து, "உண்மையான வருகைப் பதிவுதான் எங்கள் பள்ளியின் பெருமை" என்றார். சால்வை. மெமோவைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. சைரா கடைசி வரிசையில் குனிந்து தாள் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளை மேடைக்குக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் வாய் வரவில்லை.

9 செப்டம்பர், செவ்வாய்

மூட்டை நாளுக்கு மறுநாள். காலாண்டுக்கு இன்னும் சில நாள். வழக்கம் போல ஏழு சிவப்பு போடப் போனைக் கையில் எடுத்தேன். வாசலில் ஹுமேரா, ஓடி வந்ததில் மூச்சு வாங்க.

"எனக்குப் போட்டுட்டீங்களா டீச்சர்?"

"இன்னும் இல்ல. மூட்டை?"

"பாதியில அப்டியே கெடக்கு. மெசேஜ் வர்றதுக்குள்ள ஓடுன்னாங்க எங்க அம்மி."

விரலில் தோல் ஒட்டிய பசை காயவில்லை. உட்கார்ந்ததும் போர்டில் இருந்த பின்னத்தைத் தப்பாகப் போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள்.

ஆறு சிவப்பு.