ஆறாவது நிபந்தனை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சியும் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய், அதை இப்போதைக்கு நம்பிவைக்கிறேன்.

போன வாரம் தங்கச்சி பெயருக்கு ஒரு கடிதம் வந்தது, அவள் வீட்டில் இல்லாததால் நான்தான் பிரித்தேன். ஏதோ அறக்கட்டளையாம், அவளுடைய மூன்று வருஷக் கல்லூரிக் கட்டணத்தையும் அவர்களே கட்டிவிடுவார்களாம். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார், எனக்கோ சந்தேகம்தான் வந்தது. விண்ணப்பமே போடாத பிள்ளைக்கு எவன் உதவித்தொகை கொடுப்பான், இன்றைக்குக் கொடுக்கிறேன் என்பான், நாளைக்கு எங்காவது கையெழுத்துப் போடு என்பான் என்று சொன்னேன். கடைக்காரன் சிரித்தால்கூடத் தராசைப் பார்க்கிறவள் நீ என்றார் அப்பா. பார்க்கத்தான் செய்வேன். மறுநாள் கடிதத்தை நான் வேலை செய்கிற பைண்டிங் கடைக்கே எடுத்துப்போய் முதலாளியிடம் காட்டினேன், அச்சு சுத்தமாக இருக்கிறது, ஏமாற்றுகிறவன் இவ்வளவு நல்ல காகிதம் வாங்க மாட்டான் என்றார். அவருக்குக் காகிதம் நன்றாக இருந்தால் போதும்.

உட்கார்ந்து நிபந்தனைகளைப் படித்தேன். ஐந்து வரைக்கும் வருகை, மதிப்பெண் என்று ஒழுங்காகப் போகிறது. ஆறாவது, மாணவி பேருந்துப் படிக்கட்டில் நின்று பயணம் செய்யக் கூடாதாம். ஏழாவது, காலையில் சாப்பிடாமல் கல்லூரிக்கு வரக் கூடாதாம். எந்த அறக்கட்டளைக்கடா இந்தக் கவலை? அப்புறம்தான் மடிப்பைப் பார்த்தேன். பதினாறு வருஷமாகக் காகிதம் மடிக்கிறவள் நான், விரலால் அழுத்திய மடிப்பு எது, கரண்டிக் காம்பால் தேய்த்த மடிப்பு எது என்று எனக்குத் தெரியாதா? நான் வேலையை வீட்டுக்கு எடுத்துவந்த நாளெல்லாம் உன் கையில் கரண்டியைக் கொடுத்துப் பழக்கியதே நான்தானே.

முதலில் கோபம் வந்தது, பிறகு அழுதுவிட்டேன். உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டில் மாலைக் கல்லூரியில் சேர்ந்ததைப் பற்றியே பேச்சு, கடைசி இரண்டில் அதைப் பற்றி மூச்சே இல்லை. தங்கச்சி கட்டணத்துக்காகப் படிப்பை விட்டுவிட்டாய், அப்படித்தானே? இல்லை என்று எழுதாதே, நம்ப மாட்டேன். பள்ளி முடிந்த கையோடு நீ வேலைக்குப் போனதே எனக்கு இன்னும் ஆறவில்லை, இன்னொரு தடவை தாங்க மாட்டேன்.

தங்கச்சியிடம் எதையும் சொல்லவில்லை. இன்னொரு செய்தி, நூலகத்து அம்மா தேடிக் கொடுத்த வேறொரு உதவித்தொகைக்கு இரண்டு மாதம் முன்பே அவள் தானாக விண்ணப்பித்திருக்கிறாள், என்னிடம் திட்டு வாங்குவோம் என்று பயந்து நம்மிடம் மூச்சு விடவில்லை. வருமானச் சான்று, ஆசிரியர் கடிதம், கட்டுரை, தேர்வு என்று உயிரை எடுத்தார்களாம், இப்போது நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். இவ்வளவு படுத்துகிறவர்கள் நிஜமாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வருகிறது. கிடைக்காவிட்டால் நானும் அப்பாவும் இருக்கிறோம், வேறொன்றுக்குப் போடுவோம்.

நல்ல மனசும் நல்ல உடம்புமாக நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். வகுப்பில் திரும்பச் சேர்ந்து, ரசீதைக் கல்லூரி முத்திரையோடு அனுப்பு. நீயே அச்சடித்து அனுப்பாதே, மடிப்பைப் பார்ப்பேன். ஆறாவதும் ஏழாவதும் நல்ல நிபந்தனைகள்தான், இனிமேல் அவை உனக்கும் உண்டு.

இப்படிக்கு,
எதையும் பிரித்துப் பார்க்கிற உன் அம்மா