என் மடியில் தலை வைத்த நாய்

பாக்கியத்துக்கு,

நியூ ஜெர்சியிலிருந்து டெக்சாஸுக்கு நம்ம முகிலனோடு பிளேனில் போனேன். பைலட்டே எழுந்து வந்து எனக்குக் கை கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்! முகிலனுக்குப் பயத்தில் மூச்சடைத்தால் தேற்றுவதற்குப் பழக்கின நாயும் அவன் காலடியிலேயே வந்தது.

கதவைச் சாத்தினதும் அது அவனை விட்டுவிட்டு, என் மடியில் தலையை வைத்து அழுத்தியது.

"அப்பா, உங்களுக்கு என்ன பண்ணுது?"

"போடா, அதுக்கு ஆளைத் தெரியுது!"

இறங்கும்வரை அது நகரவில்லை. நானும் அதன் கழுத்துப்பட்டையை விடவில்லை.

நான் தனியாக ஊருக்கு வரப் போட்டிருந்த டிக்கெட்டைக் கேன்சல் பண்ணச் சொல்லிவிட்டேன். மருமகள் சமையலை விட்டு வர மனசில்லை என்று கேட்கிறவர்களிடம் சொல்.

நீ கிளம்பி வா. பிளேனில் பயப்பட ஒன்றுமே இல்லை. திரும்பும்போது என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்.

இங்கே ராஜாவாக இருக்கும்
உன் வீட்டுக்காரன்