ஜன்னல் மூடிய அறைக்கான வோல்டேஜ்

ஜனவரி 15

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள், ஸ்மரான்டா. நாட்குறிப்புதான். ஆனாலும் ஹாஸ்டலில் இருந்தபோது போல நீ பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பதாக நினைத்தால்தான் எனக்கு எழுத வருகிறது. இலிங்கா இப்போதுதான் தூங்கினாள். எட்டு மாதக் குழந்தைக்கு இத்தனை பிடிவாதமா?

கட்டட நிறுவனத்து ஹரலாம்பியே மேடம் பேசினார். பிரசவத்துக்குப் பின் எனக்கு வரும் முதல் வேலை. கட்டப்போகும் ஒரு பள்ளிக்கூடத்தின் முப்பரிமாணப் படங்கள், வெள்ளிக்கிழமைக்குள். சரியாக வந்தால் தொடர்ந்து தருவாராம். என் பழைய கம்ப்யூட்டர் அந்த வேகத்துக்கு வராது. புதிது வாங்க வழியில்லை. ஓவர்கிளாக் செய்து, அதன் அளவை மீறி வேகமாக ஓட்டவேண்டியதுதான்.

ஜனவரி 16

பிராசசரின் வேகத்தை 4.9 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினேன். மதர்போர்டு தானாக வைக்கும் வோல்டேஜ் அதிகம்; நானே 1.31 என்று வைத்தேன். நம் ஹாஸ்டல் வழக்கப்படி ஜன்னலை விரியத் திறந்துவிட்டுச் சோதனை. யாஷ் நகரம் முழுக்கப் பனி. லிவியு குழந்தையோடு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

“கீழ் வீட்டுக்காரர் கேக்கறாரு, உங்க வீட்டுக்காரி தெருவுக்கே ஹீட்டர் போடறாளான்னு,” என்றான் உள்ளேயிருந்து.

சாயங்காலம் வரை ஒரு பிழைகூட இல்லை.

ஜனவரி 17

ஜன்னலை மூடிவிட்டு வேலையைத் தொடங்கினேன். பாதிப் படத்தில் திரை கறுத்துவிட்டது. மறுபடியும். மறுபடியும்.

ஜனவரி 18

இலிங்காவுக்கு இருமல். டிராம் ஓட்டிவிட்டு வந்த லிவியு முதல் வேலையாக, நான் மறுபடி திறந்திருந்த ஜன்னல்களை இழுத்து மூடினான். “ஓதிலியா, காத்து பிள்ளை காதுக்குள்ள போயிடும், தெரியாதா உனக்கு?” அறை அடுப்பாகிவிட்டது. அப்போதுதான் உறைத்தது. நான் சோதித்தது பனிக்காற்றில். வேலை செய்வது இந்தச் சூட்டில். வோல்டேஜைக் கூட்டினேன். இன்னும் சூடு. சூடானால் இன்னும் வோல்டேஜ் கேட்கிறது. எங்கே போய் முடியும் இது?

“சரி, இவளை நான் சமையலறையிலயே வச்சுக்கறேன். நீ திறந்துக்கோ,” என்றான். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் இருமினாள். கதவிடுக்கு வழியாகக் குளிர் போகாதா? ஜன்னல் பிடியில் கை வைத்துக்கொண்டு நின்றேன் — என்ன அம்மா நான்.

திறக்கவில்லை. 4.5க்கு இறக்கினேன். வோல்டேஜ் 1.2. ஹீட்டர் முழுசாக எரிய, குழந்தை இதே அறையில் தூங்க, சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜனவரி 19

மெஷின் தாங்குகிறது. ஆனால் இன்று வெள்ளி; பாதிதான் முடியும். மேடத்துக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன்.

“பாதியாவது நிச்சயமா?”

“நிச்சயம், மேடம்.”

“இதை நேத்தே சொல்லியிருக்கணும் நீங்க.” பின்னால் இலிங்கா இருமினாள். “யாரு அங்க இருமறது?”

“என் பொண்ணு.”

“அப்ப போனை வச்சிட்டு அவளைப் பாருங்க. மீதி திங்கட்கிழமை.”

ஜனவரி 22

மீதியும் போய்விட்டது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. இருமல் குறைந்திருக்கிறது.

மேடம் அடுத்த வேலையைச் சொன்னார். ஒரு ஆஸ்பத்திரி, இதைப்போல இரண்டு மடங்கு. “உங்க வேகத்துக்கு ஒரு ஆளால ஆகாது. கூட ஒருத்தரைச் சேத்துக்கோங்க.” என்னோடு இதே வேலையைப் படித்தவள் நீதானே; யோசிக்காமல் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். அதனால் இந்தப் பக்கங்களைப் படமெடுத்து உனக்கே அனுப்புகிறேன்; நடந்தது எல்லாம் தெரிந்த பிறகு நீ முடிவு செய்.

பாதியை எடுத்துக்கொள்வாயா? புதன்கிழமை அவருக்குச் சொல்லவேண்டும். சீக்கிரம் பதில் போடு.