அலங்காரக் கணக்கில் ஒன்பது பெண்கள்

18-1-1953
ராஜ்ய விளையாட்டு விழா முடிந்து இன்று சான்றிதழ் கொடுத்தார்கள். என் மகள் உலகம்மைக்கு இல்லை. அவளோடு பேட்டன் சுழற்றிய எட்டுப் பெண்களுக்கும் இல்லை.

இரண்டு நாளும் பேண்டு வாத்தியத்துக்கு முன்னால் நடந்தவர்கள் இவர்கள்தான். பித்தளைப் பூண் போட்ட ஒன்பது கோலும் ஒன்றாக மேலே போயின, ஒன்றாகக் கைக்கு வந்தன. ஸ்டேடியமே எழுந்து நின்றது. ஒன்றரை வருஷம் தினமும் காலை ஐந்தரைக்குப் பயிற்சி. உலகம்மைக்கு இடது கட்டைவிரல் இரண்டு தடவை பிசகியது.

ஓட்டத்தில் கடைசியாக வந்து வாந்தி எடுத்த பையனுக்குக்கூட 'பங்கெடுத்தான்' என்று ஒரு தாள். இவர்களுக்கு ஆளுக்கொரு எலுமிச்சம்பழமும் கைக்குட்டையும். வாங்கிக்கொண்டு சிரிக்க வேறு சொன்னார்கள், போட்டோவுக்காக. சீ.

சென்னையில் தேகப்பயிற்சி ஆசிரியைப் படிப்புக்குப் போவதென்று இருக்கிறாள். ராஜ்ய அளவில் விளையாடியதற்குத் தாள் இல்லாத விண்ணப்பத்தை அங்கே தொட மாட்டார்கள்.

சொல்லிக் கொடுத்த நயினார், போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர், "அடுத்த வருசம் பாக்கலாம் அண்ணாச்சி" என்றார். என் முகத்தைப் பார்க்காமலே சைக்கிளை எடுத்தார்.

22-1-1953
விழாக் கமிட்டி ஆபீசுக்குப் போய்க் கத்தினேன். செக்ரட்டரி குறுப்பு, மலையாளத்தான், ஒரு பைலைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தான்.

'அலங்காரம்: வளைவு 2, குலை வாழை 12, கொடி 60, பூந்தொட்டி 40, பேட்டன் பெண்கள் 9.'

அடியில் கையெழுத்து. கோலப்பன், ஆரியசாலை. என்னுடையதேதான்.

நவம்பரில் நடந்தது ஞாபகம் வந்தது. பெண்களுக்கு வெள்ளைக் கான்வாஸ் ஷூ வேண்டும். விளையாட்டுக் கமிட்டியில் கேட்டால் மூன்று கூட்டம் போடுவார்கள். அலங்காரக் கமிட்டிக்கு நானே தலைவன். என் மளிகைக் கடையில் வண்டிக்கூலியை மூட்டை விலையில் ஏற்றுவதில்லையா, அதுபோல ஒன்பது பேரையும் அலங்காரத்தில் ஏற்றினேன். ஒரே நாளில் ஷூ வந்துவிட்டது. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

"பேரு கொடுத்தது அண்ணாச்சிதன்னே" என்றான் குறுப்பு. "அலங்காரத்தினு எங்ஙனே சர்ட்டிபிக்கேட்டு தரும்? வாழைக்கும் தரணோ?"

பைலை மூடி அவன் பக்கம் தள்ளிவிட்டு வந்தேன்.

23-1-1953
மனைவி வடிவாம்பாளிடம் சொன்னேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "வாழ மரத்துக்கூட மவளயும் சேத்துக் கெட்டியாச்சு. நல்ல அப்பா" என்றாள்.

9-2-1953
குறுப்பு கடைக்கு வந்தான். மிளகாய் வத்தல் மூட்டை மேல் உட்கார்ந்து, தும்மி முடித்து, குரலைத் தாழ்த்தினான். "அண்ணாச்சி விஷமிக்கண்டா. ஒரு கடலாஸ் அல்லே? நூறு மீட்டர் ஓட்டம், மூணாம் ஸ்தானம். ஞான் எழுதித் தராம். அடுத்த கொல்லம் பந்தல் காரியம் அண்ணாச்சி ஏற்றால் மதி." வருத்தப்படாதே, வெறும் தாள்தானே, அடுத்த வருஷப் பந்தலை ஏற்றால் போதும் என்கிறான்.

விளையாட்டையே வளர்க்க வந்த கமிட்டி இது. ஓடாதவளுக்கு ஓட்டத்தில் இடம் தருகிறது, சுழற்றியவளுக்குச் சுழற்றியதில் இடம் தராது.

இந்த டைரியில் பொய் எழுதி என்ன பயன்? நான் அவனை விரட்டவில்லை. "மூணாவது எதுக்கு, ரெண்டாவதா எழுதப்படாதா?" என்று கேட்டேன். பேரம் பேசினேன், ஒத்துக்கொண்டான். நானும் அதே சாக்கடைதான்.

10-2-1953
உலகம்மையிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று கொஞ்சம் நம்பினேன் போலிருக்கிறது.

"நூறு மீட்டர்ல ரெண்டாவது வந்தது யாருன்னு தெரியுமாப்பா?"

"யாராயிருந்தா என்ன?"

"செல்லபாய். எங்க கிளாஸ். அவளும் அதே காலேஜுக்குத்தான் போடுதா. அவ பேர அடிச்சாத்தான எம் பேர எழுத முடியும்?"

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். போன வாரம்தான் நம் வீட்டில் தோசை தின்றாள்.

"அப்ப என்ன செய்யச் சொல்லுத?"

"கோலு சுத்துனதுக்குத் தாங்கன்னு கேளுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

குறுப்புக்கு ஆள் அனுப்பி, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

15-6-1953
சென்னைக்கு விண்ணப்பம் போக இன்றுதான் கடைசி. போகவில்லை. செல்லபாய்க்கு இடம் கிடைக்கும் என்று பேச்சு. உலகம்மைதான் அவள் விண்ணப்பத்தைத் தபாலாபீசுக்குக் கொண்டுபோய்ப் போட்டாளாம். எனக்கு வடிவாம்பாள் சொல்லித்தான் தெரியும்.

ஒரு வருஷம் போயிற்று. என் ஒரு கையெழுத்தில்.

23-8-1953
பந்தலுக்கு வேறு எவனும் அகப்படவில்லை. குறுப்பு மறுபடி வந்தான். இந்தத் தடவை நான் அவனைத் தும்மி முடிக்க விடவில்லை. பேட்டனைப் போட்டியாக்கு, பந்தல் போடுகிறேன் என்றேன்.

"அது டிஸ்ப்ளே ஆணு அண்ணாச்சி. ஸ்போர்ட்ஸ் அல்ல. எங்ஙனே மார்க் இடும்?"

நயினார் பக்கத்தில் இருந்தார். எழுந்து, சட்டைப் பையில் இருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். எத்தனை சுற்று, எவ்வளவு உயரம், எந்தக் கையில் பிடிக்க வேண்டும், எதற்கு எத்தனை மார்க் என்று வரி வரியாக எழுதியிருந்தார்.

"விழுந்தா விழுந்ததுதான் சாரே, எல்லாருக்கும் தெரியும்" என்றார். "குதிச்சவன் எங்க விழுந்தான்னு நீங்க டேப்பு பிடிச்சுப் பாக்கேளே, அதவிடவா இது கஷ்டம்?"

குறுப்பு தாளை இரண்டு முறை படித்தான். கமிட்டியில் கேட்கணும் என்றான். கேள், ஆனால் நான் பந்தல்காரனிடம் ஓலைக்குச் சொல்வதற்குள் கேள் என்றேன்.

30-8-1953
கமிட்டி ஒத்துக்கொண்டது. குறுப்பும் நானும் கையெழுத்துப் போட்டோம், நயினார் சாட்சி. போடுவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படிக்கச் சொன்னேன்.

பந்தல், தோரணம், மைக் என் பொறுப்பு. ஜனவரி விழாவில் பேட்டன் தனிப் போட்டி, எந்தப் பள்ளிக்கூடத்துப் பெண்ணும், போன வருஷம் படிப்பு முடித்தவளும் சேரலாம். பெயர்கள் விளையாட்டுப் பட்டியலில் அச்சாகும். நடுவர் மூன்று பேர், ஒருவர் பெண். கோல் தரையில் விழுந்தால் ஐந்து மார்க் குறையும். முதல் மூவருக்கே சான்றிதழ். கடைசி நிபந்தனை உலகம்மை சொல்லி நான் எழுதியது: கோலப்பன் மகள் அந்த மூவரில் வராவிட்டால் அவளுக்குத் தாள் கிடையாது, பந்தல் செலவை அவள் அப்பா திருப்பிக் கேட்கவும் கூடாது.