ஏழு கிலோ உப்பு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், என் முழங்கால் இரண்டும் நலம். உன் மனைவியும் என் பேத்திக் குட்டியும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தக் கடிதத்தில் கேட்கப்போவதில்லை. ஏன் என்று உனக்கே தெரியும்.

நீ விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய மறுநாள் எங்களுக்குப் படிக்கட்டுத் தேர்வு. குழந்தைகள் வார்டுக்கு இரண்டாவது சுவாச மெஷின் வாங்க நிதி திரட்டி மலையேறப் போகிற பதினோரு பேரும், ஏழு கிலோ சுமையோடு ஆஸ்பத்திரிப் பின்படிக்கட்டில் ஒன்பது மாடி ஏற வேண்டும். நடுவில் உட்கார்ந்தால் பட்டியலில் பெயர் இருக்காது என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டாள். மலை உச்சியில் காற்றே பாதிதானாம், அங்கே யாரையும் தூக்கிச் சுமக்க முடியாதாம். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். அதையும் மனதில் வைத்திருக்கிறேன்.

நான் உட்காரவில்லை. முப்பது வயதுக்காரர்கள் ஆறாவது மாடியில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நிற்க, அறுபத்தாறு வயதில் அவர்களைத் தாண்டிப் போனேன். ஏழாவது மாடியில் லிஃப்ட்காரர் வாயைப் பிளந்தார். நான் சலவைப் பிரிவில் இருந்தபோது, ஈரப்போர்வை மூட்டையோடு ஏறிய என்னை, பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை லிஃப்டிலிருந்து இறக்கிவிட்ட அதே ஆள். நல்லா இருக்கீங்களா என்று மூச்சு வாங்காமல் விசாரித்தேன். மூன்று மாதப் பயிற்சி வீண்போகவில்லை, சுமையே தெரியவில்லை என்று எனக்கு ஒரே பெருமை.

மேலே போனதும் நர்ஸ் என் பெயருக்கு நேரே பென்சிலால் டிக் போட்டாள். கைதட்டினார்கள். வியர்வை துடைக்கத் துண்டு எடுக்கலாம் என்று பையைத் திறந்தேன். நீ கிளம்பும் முன்பே நான் கட்டி வைத்த பை. ஏழு உப்புப் பொட்டலத்தில் இரண்டுதான் இருந்தன. மீதி இடத்தில் உன் பழைய ஸ்வெட்டர்கள், மூலைக்கு மூலை சரியாக மடித்து. அப்படி மடிக்கக் கற்றுக்கொடுத்தவளே நான்தானே.

ஐந்தாம் வகுப்பு மதிப்பெண் அட்டையில் என் கையெழுத்தை நீ போட்டதையே இன்னும் மறக்கவில்லை. இப்போது இது வேறு. என் இருதயத்துக்குப் பயந்து செய்திருப்பாய் என்று உன் மனைவி உனக்காக வக்காலத்து வாங்குகிறாள். டாக்டரே சரி என்று சொன்ன இருதயத்துக்கு உனக்கென்ன பயம்?

பையை மூடிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். அப்போதுதான் அவள் மேலே வந்தாள். குட்டி மூச்சுக்குத் தவித்த அந்த வாரம், பக்கத்துக் கட்டிலில் தன் மகனை வைத்துக்கொண்டிருந்தவள். இருந்தது ஒரே மெஷின். ஒரு மணி நேரம் முன்னால் வந்தோம் என்பதால் அது நமக்குக் கிடைத்தது. அவள் மகன் பிழைக்கவில்லை. அவளும் எங்கள் குழுவில்தான் இருக்கிறாள். பையை அவள் கீழே வைத்தபோது தொம்மென்று சத்தம் கேட்டது. என் தோளைத் தொட்டு, "நீங்க ஏறுறதப் பாத்துதாம்மா நானும் ஏறினேன்" என்றாள்.

அவள் முன்னால் ஸ்வெட்டரைச் சுமந்துகொண்டு நான் எப்படி நிற்பது? பையைத் திறந்து எல்லோருக்கும் காட்டினேன். டிக்கை அழிக்கச் சொன்னேன். உன் பேரைச் சொல்லவில்லை, நானே மாற்றி எடுத்து வந்துவிட்டேன் என்றேன்.

நேற்று மறுபடி ஏறினேன். நர்ஸே பையை எடை போட்டாள்: ஏழு கிலோ நூறு கிராம். இந்தத் தடவை ஒவ்வொரு படியும் தெரிந்தது. லிஃப்ட்காரரிடம் பேச மூச்சில்லை. அவரே வெளியே வந்து கூட இரண்டு மாடி நடந்தார். அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. எட்டாவது மாடியில் கால் நடுங்கியது. பின்னால் அந்தப் பையனின் அம்மா ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு வந்தாள். நான் உட்காரவில்லை. இப்போது என் பெயருக்கு நேரே பேனாவால் டிக் இருக்கிறது.

பன்னிரண்டாம் தேதி கிளம்புகிறோம். மேலே குளிருமாம், உன் ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நல்லா இரு. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாங்கள் இறங்குகிற நாள் அடிவாரத்துக்கு வந்துவிடு. எனக்காக வேண்டாம், எனக்கு பஸ் ஏறத் தெரியும். வரும்போது குட்டியையும் கூட்டி வா. எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று பார்க்க வேண்டும் என்று அந்தப் பையனின் அம்மாதான் கேட்டாள்.

இன்னும் கோபம் தீராத,
உன் அம்மா